ஹார்டு டிஸ்க் மோட்டாருக்குள் துளி எண்ணெய்: மூடியே இல்லாமல் வெளியே சிந்தாமல் நிற்பது எப்படி?

கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அதைச் சுற்ற வைக்கும் மோட்டாரில் இப்போது இரும்புக் குண்டுகள் கிடையாது. சுழலும் பாகத்தைத் தாங்கிப் பிடிப்பது ஒரு சொட்டுக்கும் குறைவான எண்ணெய்தான். அந்த எண்ணெய் தீர்ந்துபோனால் மோட்டார் இறுகிவிடும். வெளியே கசிந்தால் தட்டில் இருக்கும் டேட்டாவுக்கே ஆபத்து. இவ்வளவு முக்கியமான எண்ணெயை அடைத்து வைக்க அங்கே ரப்பர் வாஷரும் இல்லை, மூடியும் இல்லை. அப்படின்னா அது வருஷக்கணக்கில் உள்ளேயே நிற்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

சின்ன மோட்டாருக்கு ஏன் இவ்வளவு கவனம்?

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கும். கல்யாண போட்டோ, கடைக் கணக்கு, ஆபீஸ் ஃபைல் என எல்லாமே அந்தத் தட்டின் மேல் காந்தப் பதிவுகளாக, வட்டவட்டமான தடங்களில் இருக்கின்றன. இன்றைய டிஸ்க்குகளில் ஒரு தடத்தின் அகலம் 100 நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70,000 நானோமீட்டர். ஒரு முடியின் அகலத்துக்குள் எத்தனை நூறு தடங்கள் அடங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தத் தடங்களைப் படிக்கும் 'ஹெட்' தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடியே படிக்கும். அந்த இடைவெளியில் ஒரு தூசி விழுந்தாலும், எண்ணெய்ப் பிசுக்கு படிந்தாலும் ஹெட் தட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் இருந்த பதிவு திரும்பக் கிடைக்காது.

நாள் முழுக்க ஓடும் ஒரு 7,200 ஆர்பிஎம் டிஸ்க், ஒரு நாளில் 1 கோடியே 3 லட்சத்து 68 ஆயிரம் முறை சுற்றுகிறது. ஒரு வருஷத்துக்குச் சுமார் 378 கோடி சுற்று. இத்தனை சுற்றுக்கும் தட்டு ஆடாமல், எண்ணெய் சிந்தாமல் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு முழுவதும் பேரிங்கின் தலையில்தான்.

பால் பேரிங்கை ஏன் கைவிட்டார்கள்?

ஐபிஎம் நிறுவனம் 1956-ல் முதல் ஹார்டு டிஸ்க்கை அறிமுகம் செய்தபோது அதன் தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறைதான் சுற்றின. பிறகு பல பத்தாண்டுகளுக்கு டிஸ்க் மோட்டார்களில் பால் பேரிங்தான் இருந்தது. வேகமும் தடங்களின் நெருக்கமும் கூடக் கூட அதில் மூன்று சிக்கல்கள் தலைதூக்கின.

முதலாவது, ஆட்டம். எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் குண்டுகளுக்குள் மிக நுண்ணிய அளவு வித்தியாசம் இருக்கும். அதனால் தட்டு லேசாக ஆடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி ஆடினால் டிஸ்க்கின் மின்னணு கட்டுப்பாடு அதைக் கணித்துச் சரிசெய்துவிடும். ஆனால், குண்டுகள் தரும் ஆட்டம் சுற்றுக்குச் சுற்று மாறுபடும். அதை முன்கூட்டியே கணிக்க முடியாது.

இரண்டாவது, சத்தம். உலோகத்தின் மேல் உலோகம் உருளும்போது 'உய்ங்' என்ற இரைச்சல் வந்தே தீரும். மூன்றாவது, அதிர்ச்சி. டிஸ்க் கீழே விழுந்தால் குண்டுகள் உருளும் பாதையில் குழி விழும். அதற்குப் பிறகு சத்தமும் ஆட்டமும் இன்னும் மோசமாகும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் 'ஃப்ளூயிட் டைனமிக் பேரிங்'. சுருக்கமாக எஃப்டிபி. 2001-ல் சீகேட் நிறுவனம் கொண்டுவந்த 'பாரகுடா ஏடிஏ 4' டிஸ்க், இந்த பேரிங் காரணமாகவே 'சத்தம் போடாத டிஸ்க்' என்று பெயர் வாங்கியது. அடுத்த சில வருஷங்களில் மற்ற நிறுவனங்களும் இதற்கு மாறிவிட்டன.

எண்ணெய் எப்படி எடையைத் தாங்கும்?

இந்தக் கேள்விக்கான விடை 1880-களிலேயே கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சு பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காக பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுற்ற ஆரம்பித்ததும் துளை வழியாக எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்துப் பார்த்தார், மரக்கட்டையை அடித்துப் பார்த்தார். இரண்டையுமே எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. பிறகு அழுத்தமானியைப் பொருத்தியபோதுதான் விஷயம் புரிந்தது. பேரிங் தாங்கிய சராசரி அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அந்த எண்ணெய்ப் படலத்தில் இருந்தது.

சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. குறுகலான இடத்துக்குள் எண்ணெய் நெருக்கப்படும்போது அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தமே அச்சைத் தூக்கிப் பிடிக்கிறது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதச் சமன்பாடு கொடுத்தார். இன்றும் பேரிங் வடிவமைப்புக்கு அதுதான் அடிப்படை.

ஹார்டு டிஸ்க் மோட்டாரிலும் நடப்பது இதேதான். நடுவில் ஷாஃப்ட், அதைச் சுற்றி 'ஸ்லீவ்' எனப்படும் உருளை. இரண்டுக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளி. அந்த இடைவெளி முழுக்க எண்ணெய். ஸ்லீவின் உள்சுவரில் மீன் முள் வடிவத்தில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். மோட்டார் சுற்றும்போது இந்தப் பள்ளங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணெயை நடுப்பகுதிக்குத் தள்ளும். அங்கே அழுத்தம் உயர்ந்து ஷாஃப்ட் நடுமையத்திலேயே மிதக்கும். ஓடும்போது உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை. மோட்டார் கிளம்பும், நிற்கும் அந்தச் சில கணங்களில் மட்டுமே தொடுகை இருக்கும்.

இதில் எவ்வளவு எண்ணெய் இருக்கும்? 4 மி.மீ விட்டமும் 10 மி.மீ நீளமும் உள்ள ஷாஃப்ட், 5 மைக்ரான் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், அந்த இடைவெளியில் அடங்கும் எண்ணெய் 1 கன மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு சாதாரண சொட்டு என்பது 30 முதல் 50 கன மில்லிமீட்டர். சேமிப்புக்காக ஓரத்தில் இருக்கும் எண்ணெயைச் சேர்த்தாலும் ஒரு சொட்டு தேறாது. இதில் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய இழப்புதான்.

ரப்பர் சீல் போட்டால் என்ன?

பைக் என்ஜினிலும் தண்ணீர் பம்பிலும் எண்ணெய் கசியாமல் இருக்க 'ஆயில் சீல்' போடுவார்கள். ரப்பர் உதடு ஷாஃப்டை இறுக்கிப் பிடித்திருக்கும். பெரிய மோட்டாருக்கு இது சரி. கைக்குள் அடங்கும் மோட்டாருக்குச் சரிப்படாது.

காரணம், உரசல். ரப்பர் உரசினால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், சூடு ஏறும். அதைவிட மோசம், ரப்பர் தேய்ந்து துகளாக உதிரும். சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதக்கும் இடத்தில் அந்தத் துகள் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தொடுகையே வேண்டாம் என்றுதான் பால் பேரிங்கைக் கைவிட்டார்கள். மறுபடியும் ஒரு தொடுகையைக் கொண்டுவந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

பால் பேரிங் காலத்திலும் கிரீஸ் ஆவி தட்டுப் பக்கம் போகாமல் தடுக்க வேண்டியிருந்தது. அதற்கு 'ஃபெர்ரோஃப்ளூயிட்' என்ற காந்தத் திரவத்தைப் பயன்படுத்தினார்கள். நாசா பொறியாளர் ஸ்டீவ் பாப்பெல், எடையற்ற விண்வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் நகர்த்துவதற்காக 1963-ல் உருவாக்கியது இது. ஷாஃப்டைச் சுற்றி ஒரு காந்த வளையம் வைத்தால் அந்தத் திரவம் இடைவெளியில் வளையம் போல நின்று அடைத்துக்கொள்ளும். எஃப்டிபி மோட்டாரிலோ காந்தம்கூடத் தேவைப்படவில்லை. மசகு எண்ணெயே தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள்.

எண்ணெயைப் பிடித்து வைக்கும் சாய்வு இடைவெளி

இங்கதான் விஷயமே இருக்கு. பேரிங்கின் வாய்ப் பகுதியில் ஷாஃப்டுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்காது. உள்ளே சில மைக்ரான். வெளியே வர வர விரிந்துகொண்டே போகும். புனலின் ஓரம் போன்ற இந்த அமைப்புக்கு 'டேப்பர் சீல்' அல்லது 'கேப்பிலரி சீல்' என்று பெயர்.

இடைவெளி குறுகலாக இருக்கும் பக்கம் எண்ணெயை இழுக்கும் விசை அதிகம். அகலமான பக்கம் குறைவு. அதனால் எண்ணெய் எப்போதும் குறுகலான பக்கத்துக்கே, அதாவது உள்பக்கத்துக்கே போகப் பார்க்கும். அகல் விளக்கின் திரியில் எண்ணெய் மேலே ஏறுகிறதே, அதே நுண்புழை விளைவுதான் இது. பின்னணியில் இருப்பது பரப்பு இழுவிசை.

இதை 300 வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். 1711 வாக்கில் லண்டன் ராயல் சொசைட்டியின் பிரான்சிஸ் ஹாக்ஸ்பி, இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒரு முனையில் தொடும்படியும் மறுமுனையில் லேசாக விரிந்திருக்கும்படியும் வைத்தார். நடுவில் ஒரு துளி ஆரஞ்சு எண்ணெய். தகடுகள் தொடும் குறுகலான முனையை நோக்கி அந்தத் துளி தானாகவே நகர்ந்தது. ஐசக் நியூட்டன் தன் 'ஆப்டிக்ஸ்' நூலில் இந்தச் சோதனையை விவரித்திருக்கிறார். இன்றைய டேப்பர் சீல், அந்த இரண்டு கண்ணாடிகளை ஷாஃப்டைச் சுற்றி வளைத்து வைத்தது போலத்தான்.

தோராயமாகக் கணக்குப் போட்டால், 100 மைக்ரான் இடைவெளியில் இந்த இழுவிசை தரும் அழுத்தம் சுமார் 600 பாஸ்கல். 10 மைக்ரானில் 6,000 பாஸ்கல். 2 மி.மீ உயர எண்ணெயின் எடை தரும் அழுத்தமோ சுமார் 18 பாஸ்கல்தான். அதனால்தான் மோட்டாரைத் தலைகீழாகப் பிடித்தாலும் எண்ணெய் கீழே விழுவதில்லை.

இந்த வடிவமைப்பில் இன்னொரு லாபமும் உண்டு. விரிந்த பகுதி ஒரு சேமிப்புத் தொட்டி போலவும் வேலை செய்கிறது. சூட்டில் எண்ணெய் விரிந்தால் அதன் மட்டம் கொஞ்சம் வெளியே வரும். குளிர்ந்தால் உள்ளே போகும். நாளடைவில் எண்ணெய் குறைந்தாலும் முதலில் வற்றுவது அகலமான ஓரம்தான். ஷாஃப்டைத் தாங்கும் குறுகலான பகுதி கடைசிவரை நிறைந்தே இருக்கும்.

பல மோட்டார்களில் இந்தச் சாய்வை அச்சின் பக்கமாகச் சரித்தும் வைப்பார்கள். அப்போது சுழற்சியால் வெளிநோக்கி வீசப்படும் எண்ணெய், வாய்ப் பக்கம் போகாமல் பேரிங்கின் உள்ளேயே திரும்பித் தள்ளப்படும்.

சீல் இருந்தும் எண்ணெய் தப்பிக்கும் நான்கு வழிகள்

1. ஊர்ந்து போவது: குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றி வைத்தால் விளிம்பைத் தாண்டி வெளிப்புறமும் பிசுபிசுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எண்ணெய் உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக ஊர்ந்து போகும். மோட்டாரில் இதைத் தடுக்க, சீலின் வெளி விளிம்பில் எண்ணெய் ஒட்டாத ஃப்ளோரின் சார்ந்த பூச்சு பூசுவார்கள். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாதது போல, அந்தப் பூச்சைக் கண்டதும் எண்ணெய் நின்றுவிடும்.

2. ஆவியாவது: வெளிக்காற்றைத் தொடும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். அதனால் எளிதில் ஆவியாகாத எஸ்டர் வகைச் செயற்கை எண்ணெய்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சீலுக்கு வெளியே மிகக் குறுகலான, நீண்ட பாதை ஒன்றும் வைப்பார்கள். ஆவி அதைக் கடந்து போவது கடினம் என்பதால் இழப்பு குறையும்.

3. காற்றுக் குமிழி: இதுதான் ரொம்ப ஆபத்தானது. பேரிங்குக்குள் ஏதாவது ஒரு மூலையில் அழுத்தம் குறைந்தால், எண்ணெயில் கரைந்திருக்கும் காற்று குமிழியாக வெளிவரும். சோடா பாட்டிலைத் திறந்தால் நுரை வருவது போல. விமானத்தில் கொண்டுபோகும்போது வெளி அழுத்தம் குறைவதாலோ, மோட்டார் சூடாவதாலோ அந்தக் குமிழி பெரிதானால் எண்ணெயை வெளியே தள்ளிவிடும். இதற்காக ஸ்லீவில் மேலிருந்து கீழாக ஒரு சிறிய துளை போட்டு எண்ணெயைச் சுழல விடுகிறார்கள். அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாகும். குமிழி உண்டானாலும் சீல் பக்கம் வந்து வெளியேறிவிடும்.

4. அதிர்ச்சி: லேப்டாப் டிஸ்க்குகள் அணைத்திருக்கும்போது புவியீர்ப்பைப் போல 1,000 மடங்கு அதிர்ச்சியைத் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது உண்டு. அவ்வளவு பெரிய உலுக்கலில், அகலமான பகுதியின் பரப்பு இழுவிசை மட்டும் போதாது. ஆனால், அந்த அதிர்ச்சி சில மில்லிசெகண்டுக்கு மேல் நீடிக்காது. அதற்குள் எண்ணெய் வாசலைத் தாண்டாத அளவுக்கு சீலின் நீளமும் சாய்வும் கணக்கிடப்படுகின்றன.

ஷாஃப்டின் ஒரு முனை மூடப்பட்டிருந்தால் ஒரு சீல் போதும். அதிகத் தட்டுகள் உள்ள டிஸ்க்குகளில் ஆட்டத்தைக் குறைக்க ஷாஃப்டை மேலும் கீழும் நிலையாகப் பொருத்துவது உண்டு. அப்போது மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சீல் தேவை. ஒரு பக்கம் எண்ணெய் கூடுதலாகத் தள்ளப்பட்டால் மறுபக்கம் வறண்டுவிடும் என்பதால் இரண்டையும் சமன் செய்வது இன்னும் சிரமமான வேலை.

எண்ணெயை உள்ளே நிரப்புவது எப்படி?

சில மைக்ரான் இடைவெளிக்குள் எண்ணெயை அப்படியே ஊற்ற முடியாது. காற்று சிக்கிக்கொள்ளும். அதனால் முதலில் பேரிங்கை வெற்றிட அறையில் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். எண்ணெயில் கரைந்திருக்கும் காற்றையும் நீக்கிவிடுகிறார்கள். பிறகு பேரிங்கின் வாயில் எண்ணெயை வைத்து, அறைக்குள் மெல்ல காற்றை விடுகிறார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் எண்ணெயை மூலை முடுக்கெல்லாம் தள்ளி நிரப்பிவிடும். கடைசியாக எண்ணெய் மட்டம் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். அதிகம் இருந்தால் கசியும், குறைந்தால் ஆயுள் குறையும்.

இவ்வளவு நுட்பமான வேலை என்பதால் உலகில் சில நிறுவனங்களே இதைச் செய்கின்றன. 1973-ல் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்கப்பட்ட நிடெக் நிறுவனம்தான் இதில் முன்னணி. ஹார்டு டிஸ்க் மோட்டார்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. 2011-ல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் டிஸ்க் தொழிற்சாலையும் நிடெக்கின் மோட்டார் ஆலைகளும் பாதிக்கப்பட்டன. உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியது. இந்த மோட்டாரை வேறு இடத்தில் உடனே தயாரித்துவிட முடியாது என்பதும் அப்போது தெரிந்தது.

வீட்டு ஃபேனுக்கும் இது பொருந்துமா?

எண்ணெய் உள்ளேயே நிற்க வேண்டும் என்பது எல்லா மோட்டாருக்கும் பொது. நிற்க வைக்கும் வழிதான் வேறு வேறு.

டேபிள் ஃபேனிலும் விலை குறைந்த கம்ப்யூட்டர் ஃபேனிலும் இருப்பது பெரும்பாலும் 'புஷ்'. உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த வெண்கல வளையம் இது. அதன் கன அளவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நுண்துளைகள். அந்தத் துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். ஓடிச் சூடாகும்போது எண்ணெய் வெளியே வந்து ஷாஃப்டை நனைக்கும், நின்றதும் துளைகளுக்குள் திரும்பிவிடும். 1930-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்தில் உருவான 'ஆயிலைட்' இந்த வகையில் பெயர் பெற்றது. இதிலும் எண்ணெயைப் பிடித்து வைப்பது நுண்புழை விளைவுதான். ஆனால் ஓரத்தில் நல்ல சீல் இல்லாததால் எண்ணெய் வேகமாகக் குறையும். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் 'கரகர' என்று சத்தம் போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சீலிங் ஃபேனில் பொதுவாக 6202, 6203 போன்ற எண் கொண்ட பால் பேரிங் இருக்கும். உள்ளே இருப்பது கிரீஸ். எண்ணுக்குப் பின்னால் 'இசட் இசட்' என்று இருந்தால் இரண்டு பக்கமும் தகர மூடி. '2ஆர்எஸ்' என்று இருந்தால் ரப்பர் சீல். ஃபேன் மெதுவாகச் சுற்றுவதாலும் பக்கத்தில் நானோமீட்டர் உயரத்தில் எதுவும் மிதக்காததாலும் அந்த உரசல் பெரிய பிரச்னை இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* ஹார்டு டிஸ்க் மோட்டாருக்கு வெளியிலிருந்து எண்ணெய் போடும் வழியே கிடையாது. 'திறந்து ஒரு சொட்டு விட்டால் ஓடும்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். திறந்த உடனே தூசி உள்ளே போய்விடும்.
* டிஸ்க் சுற்ற முயன்று 'பீப்' என்று நின்றாலோ, சத்தம் திடீரென மாறினாலோ உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது பாதிப்பை அதிகமாக்கலாம்.
* மோட்டார் இறுகிப்போன டிஸ்க்கில் டேட்டா பெரும்பாலும் தட்டிலேயே இருக்கும். ஆனால், தூசி இல்லாத அறையில் தட்டுகளை வேறு மோட்டாருக்கு மாற்றித்தான் எடுக்க முடியும். அதற்குச் செலவு அதிகம். அதனால் முக்கியமான ஃபைல்களை இன்னொரு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.
* ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைத் தூக்குவது, தட்டுவது, மேசையில் பொத்தென்று வைப்பது கூடாது. எண்ணெய்ப் படலம் ஷாஃப்டைத் தாங்குவது சில மைக்ரான் இடைவெளியில்தான்.
* புஷ் வைத்த ஃபேனுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெய் ஓரிரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும், நாளடைவில் பிசுக்காகித் தூசியையும் பிடித்துக்கொள்ளும்.
* மூடி போட்ட பால் பேரிங் சத்தம் போட்டால் மேலே எண்ணெய் ஊற்றுவது தற்காலிகத் தீர்வுதான். அந்த எண்ணெய் உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியேற்றிவிடும். பேரிங்கின் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் புதிதாக மாற்றுவதே நல்லது.